நீல நாரை விற்ற எட்முண்ட் ரோகாலா

எட்முண்ட் ரோகாலா வாழ்க்கையில் ஒரு தப்புக் காரியமும் செய்யாதவர். ஊரில் வேறு யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டே சொல்வார். முடிவெட்டுகிற இடத்தில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சொல்வார். கேட்டவர் தலையாட்டுகிறவரை விடவும் மாட்டார். அப்பேர்ப்பட்ட உத்தமர், பெற்ற ஒரே பிள்ளையைத் தன் கடைக் கல்லாவுக்கு எதிரிலேயே எப்படிப் பறிகொடுக்கப் பார்த்தார் என்பதுதான் விஷயம்.

தோருன் நகரத்தில் டிராம் வண்டி வளைந்து திரும்புகிற முனையில் அவருடைய அஞ்சல்தலைக் கடை இருந்தது. பழைய அஞ்சல்தலை, பழைய நாணயம், போருக்கு முந்தைய பட அஞ்சலட்டை, இவைதான் சரக்கு. கடைப் பலகையில் ‘சேகரிப்போருக்கான பொருட்கள்’ என்று எழுதியிருந்தது. ஆள் என்னவோ கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது. ஒரே படம் போட்ட இரண்டு அஞ்சல்தலைகளை முன்னால் வைத்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இதில் ஓரத்துப் பல் ஒன்று கூடுதல், அதனால் இது வேறு, அது வேறு என்று சொல்லிவிடுவார். “படம் ஒண்ணுன்னா பொருளும் ஒண்ணாயிடுமா?” என்று புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களை ஒரு பிடி பிடிப்பார். நகரத்து அஞ்சல்தலைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் மொத்தமே பத்துப் பதினைந்து கிழவர்கள், அதில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. ஆனாலும் தலைவர் தலைவர்தானே.

மனைவி ஒத்திலியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வீடு ஓடியது அவள் சம்பளத்தில். மகன் கோர்னெல் டிராம் ஓட்டினான். கடை வழியாகப் போகும்போதெல்லாம் மணியைத் தட்டிவிட்டுப் போவான். உடனே எட்முண்ட் கையிலிருக்கும் இடுக்கியை வைத்துவிட்டு, கடையில் யார் இருந்தாலும் சரி, “என் பையன்” என்பார். யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் அந்தத் தரகன் வந்தான். வாசனைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு நெடி. வந்தவன் கடைப் பலகையை ரசித்துப் படித்துவிட்டு, பெட்டியைத் திறந்து பளபளக்கிற குட்டிப் பொட்டலங்களை மேசையில் பரப்பினான். ஒவ்வொன்றிலும் ஒரு பறவைப் படம். நீல நாரை, சிவப்பு ஆந்தை, வெள்ளைக் காகம் என்று வரிசையாக. கீழே பொடி எழுத்தில், ‘சேகரிப்புப் பொருள். உட்கொள்ளத் தகாதது’ என்று அச்சடித்திருந்தது.

“உள்ள என்னப்பா இருக்கு?” என்றார் எட்முண்ட்.

“தூள், ஐயா.”

“என்ன தூள்?”

“நீங்க ஏன் ஐயா உள்ள பாக்கறீங்க? அஞ்சல்தலைக்குப் பின்னாடி இருக்கிற பசையையா ஜனங்க சேகரிக்கிறாங்க?”

பின்பக்கத்துப் பசை கெடாமல் இருந்தால் விலை இரண்டு மடங்கு என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் இவர். அன்றைக்கு அந்தப் பேச்சுக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? மாதக் கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்தத் தூள் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஏமன் பக்கமும் ஆப்பிரிக்காவின் கிழக்கு மூலையிலும் ஒரு செடியின் இலையை மென்றுகொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கதை பேசுவார்களாம். அந்த இலையில் இருக்கிற சத்தைப் பார்த்து எவனோ ஒருவன் அதற்கு ஆய்வுக்கூடத்திலேயே ஒரு தம்பியைச் செய்தான். செடியும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம், வேகம் மட்டும் பல மடங்கு. அரசாங்கம் அந்தத் தம்பியைத் தடை செய்தால், ஒரு ஓரத்தில் ஒரு துணுக்கை மாற்றி அடுத்த தம்பியைச் செய்வார்கள். சட்டத்தில் அவன் பெயர் இருக்காது. இப்படியே குடும்பம் பெருகிக்கொண்டு போனது. எங்கள் நாட்டில் அதைத் தின்னும் பொருளாக விற்றால் உணவுச் சட்டம் பிடிக்கும், மருந்தாக விற்றால் மருந்துச் சட்டம் பிடிக்கும். சேகரிப்புப் பொருளாக விற்றால்? அதற்குத்தான் எட்முண்ட் ரோகாலா கிடைத்தார்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளிகள், இரவுக் காவல்காரர்கள், எல்லோரும் வந்தார்கள். எட்முண்ட் அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். வாங்குகிறவன் வாயால் சொல்லவேண்டும்.

“எதுக்கு வாங்கறீங்க?”

“சேகரிக்கத்தான், எட்முண்ட் ஐயா.”

“சத்தமா.”

“சேகரிக்கத்தான்!”

பொட்டலம் கைக்கு வரும். ஒருமுறை ஒரு மாணவன், சிரிப்பை அடக்க முடியாமல், “மூக்கு வழியா சேகரிக்கத்தான்” என்று சொல்லிவிட்டான். எட்முண்டுக்கு வந்ததே கோபம்! “இது மரியாதைப்பட்ட கடை, வெளியே போ” என்று விரட்டினார். அவன் வாசல்வரை போய், திரும்பி வந்து, ஒழுங்காகச் சொன்னான். பொட்டலத்தைக் கொடுத்தார். மரியாதை காப்பாற்றப்பட்டுவிட்டது.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு வகைப் பொட்டலத்திலும் ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்து ஒரு தொகுப்பேட்டில் செருகி வைத்தார். கீழே எந்த மாதம் வந்தது, நிறம் எப்படி என்று அழகான கையெழுத்தில் குறிப்பும் எழுதினார். யாராவது கேட்டால் காட்டலாமே, நானும் சேகரிக்கிறேன், பார் என்று! பொய் சொல்கிறவனையாவது நம்பலாம், தன் பொய்க்குத் தானே விழுந்துவிடுகிறவனை என்ன செய்வது?

அது இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. அந்தக் கோடையில் கோர்னெலுக்கு வேலை நெருக்கடி. ஆள் பற்றாக்குறை, விடியற்காலை வண்டி, சாயங்கால வண்டி இரண்டையும் அவன் தலையில் கட்டினார்கள். டிப்போவில் அவனுக்கு செவெரின் என்று ஒரு கூட்டாளி. அவன்தான், “கண்ணு சொக்குதா? உங்க அப்பா கடைல மருந்து இருக்குடா” என்று முதலில் தூண்டிவிட்டவன். அப்பாவிடம் நேராகப் போய்க் கேட்க கோர்னெலுக்குக் கூச்சம். அதனால் செவெரின் வந்து வாங்குவான். நீல நாரை இரண்டு. எப்போதும் இரண்டு.

“ரெண்டு எதுக்குப்பா?” என்று ஒருநாள் கேட்டார் எட்முண்ட்.

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் கூட்டாளிக்கு. அவனும் சேகரிக்கிறான், ஐயா.”

“நல்ல பழக்கம்” என்றார் எட்முண்ட்.

ஆரம்பத்தில் வீடே கோலாகலமாகத்தான் இருந்தது. கோர்னெல் வேலை முடிந்து வந்து குழாயைச் சரிசெய்தான், ஜன்னலுக்கு வண்ணம் அடித்தான், அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான், அப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசினான். எட்முண்டுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிறகு வாரக் கடைசியில் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்றான். சோறு வேண்டாம், சூப்பு வேண்டாம், யாரும் அறைக்குள் வரவேண்டாம். எழுந்தால் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வண்டியில் பின்வரிசையில் ஒரு ஆள் தினமும் தன்னையே பார்க்கிறான் என்றான். அப்புறம் ஒரு ஆள் இல்லை, மூன்று ஆள் என்றான்.

ஒத்திலியா துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் நீல நாரை கிடைத்தது. நக்கித் துடைத்த மாதிரிக் காலி. ஈரக் கையோடு அதைக் கொண்டுவந்து கணவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

“என்னய்யா இது?”

எட்முண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது!

“கோர்னெலோட பையிலயா இருந்துச்சு? அடப்பாவி, என்கிட்டச் சொல்லவே இல்லையே! சேகரிக்க ஆரம்பிச்சிட்டானா?”

ஒத்திலியா பொட்டலத்தை மேசையில் அறைந்தாள்.

“மனுஷா, உனக்கு மூளை இருக்கிற இடத்துல என்ன இருக்கு? பையன் ராத்திரி பூரா கூண்டுல அடைச்ச மாதிரி நடக்கிறான். நீ என்னடான்னா சேகரிக்கிறான்ங்கிற!”

“அது வேலைக் களைப்பு. இந்தப் பொட்டலத்துல தெளிவா எழுதியிருக்கு பாரு, உட்கொள்ளத் தகாதது.”

“எழுதியிருந்தா?”

“எழுதியிருக்கும்போது எவனாவது சாப்பிடுவானா?”

“உன் கடைக்கு வர்றவங்கல்லாம் வேற என்ன பண்றாங்களாம்? சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டறாங்களா?”

“அவங்க என்ன பண்றாங்கங்கிறது அவங்க மனசாட்சி. என் கையில சுத்தமான வியாபாரம்.”

“உன் கையைக் கொண்டுபோய் அடுப்புல வை” என்றாள் ஒத்திலியா. அன்றைக்கு அவர் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்ட வேகத்தில் தட்டு கீறல் விட்டது.

அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டும் அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு, உறைக்கக்கூடாது என்று தீர்மானமாக இருந்தார். மகன் அந்தத் தூளைத் தின்கிறான் என்று ஒப்புக்கொண்டால், வருகிற பிள்ளைகள் எல்லோரும் தின்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அப்புறம் முடிவெட்டும் இடத்தில் எந்த முகத்தோடு உட்காருவது? மகன் தன் வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அப்படியே நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் அரசாங்கம் பழைய தூளைத் தடை செய்தது. தரகன் புதுப் பெட்டியோடு வந்தான்.

“கவலைப்படாதீங்க ஐயா. உள்ள இருந்ததை மாத்தியாச்சு. இது சட்டத்துல இல்ல. கொஞ்சம் காரம் ஜாஸ்தி, அவ்வளவுதான். படம் அதே படம்.”

எட்முண்ட் பூதக்கண்ணாடியை எடுத்து நாரையைப் பழைய நாரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இறக்கையில் நீலம் ஒரு மாற்றுக் குறைவு என்றார். அச்சகத்தில் சொல்லிவைப்பதாகத் தரகன் சொன்னான். பேச்சு அதோடு முடிந்தது. வாங்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பல் ஒன்று கூடினால் வேறு பொருள் என்று கத்திய அதே மனிதர்!

செப்டம்பரில் கோர்னெலின் பெயர்நாள். எங்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள்தான் பெரிது. பெயர் கொண்ட புனிதருக்கு உரிய நாளில் உறவெல்லாம் அழைக்காமலேயே வந்துவிடும். ஒத்திலியா ஊறுமீனும் முட்டைக்கோசு உருண்டையும் செய்திருந்தாள். அவளுடைய அண்ணன் வோட்கா கொண்டுவந்திருந்தார். கோர்னெல் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, சட்டை முழுக்க வியர்வையாக, யாரையும் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். ஒரு உருண்டையைக்கூடத் தொடவில்லை.

எட்முண்ட் எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினார். நீலத் துணி போர்த்திய புத்தம்புதிய தொகுப்பேடு ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார்.

“எல்லாரும் கேளுங்க. என் பையன் எனக்குத் தெரியாமலேயே என் பாதையில வந்துட்டான். மறைக்கவேண்டியதில்லடா. பொட்டலத்தைச் சட்டைப் பையில கசக்கக் கூடாது. இதுல வச்சுக்கோ.”

கோர்னெல் தொகுப்பேட்டைத் திறந்தான். காலிப் பக்கங்களைப் புரட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வர, மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். மற்றவர்களும் கொஞ்சம் சிரித்துப் பார்த்து, இது சிரிப்பில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“அப்பா, நீங்க சும்மா சொல்றீங்களா, இல்ல நிஜமாவே நம்பறீங்களா?” என்றான். “நான் அதைத் திங்கிறேன்ப்பா. மூணு மாசமா. செவெரின் வாங்கிட்டு வர்றது எனக்குத்தான். கூட்டாளிக்குன்னு சொல்வானே, அந்தக் கூட்டாளி நான்தான். இது இல்லாம என்னால வண்டியில ஏற முடியல. இருந்தா பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க என்னைப் பத்திப் பேசறது கேக்குது. இப்பகூட மாமா பேசறாரு பாருங்க.”

மாமா வாயில் ஊறுமீன் இருந்தது. அவர் பேசவே இல்லை.

எட்முண்ட் கேக்குக் கத்தியை மனைவி பக்கம் நகர்த்தினார். “பையனுக்குக் காய்ச்சல்” என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சொன்னார். “கேக்கை வெட்டு, ஒத்திலியா.”

“நீயே வெட்டிக்க” என்று சொல்லிவிட்டு ஒத்திலியா மகனை எழுப்பி அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குக் கடையை மூடியிருக்கலாம். பெட்டியைத் தூக்கி விஸ்துலா ஆற்றில் கொட்டியிருக்கலாம். உத்தமர் என்ன செய்தார் தெரியுமா? இனிமேல் செவெரினுக்கு மட்டும் கிடையாது என்றார். “என் குடும்பத்தைக் கெடுத்தவனுக்கு என் கடையில் இடமில்லை!” என்று அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதை ஒத்திலியாவிடமும் வந்து சொன்னார். அடுத்த நாள் செவெரின் வேறொரு ஆளை அனுப்பினான். அந்த ஆள் சேகரிக்கத்தான் என்று சத்தமாகவே சொன்னான்.

செவெரினிடம் இருந்த பழையது தீர்ந்துவிட்டது, இந்த முறை வாங்கிப்போனது புதுச் சரக்கு. கோர்னெலுக்கு அது தெரியாது. நாரை அதே நாரை, எப்போதும் எடுக்கிற அளவையே எடுத்தான்.

மத்தியானம், நல்ல வெயில். பாதை நடுவில் டிராமை நிறுத்தினான். கதவுகளைப் பூட்டினான். தண்டவாளத்துக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள், நான் நகர்த்தினால் செத்துவிடுவார்கள் என்று கத்தினான். வண்டிக்குள் காய்கறிப் பையோடு பெண்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். சட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் கையால் குத்தினான். பின்னால் அடுத்த வண்டி, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று தெரு முழுக்க நின்றது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு காவலர்கள் உள்ளே போனபோது ஒருவனைப் பிடிக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. தொட்டவர்கள், உடம்பு கொதிக்கிற பானை மாதிரி சுட்டது என்றார்கள். நல்லவேளை, வேறு யாருக்கும் காயமில்லை.

வண்டி நின்றது எட்முண்டின் கடைக்குச் சற்று அப்பால்தான். சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தார். அவரிடம் அந்த நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்களை வெளியே அனுப்பி, கடையைப் பூட்டிவிட்டுத்தான் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் சவாதா என்கிற பெண் மருத்துவர் பார்த்தார். கோர்னெலைக் கட்டிலோடு கட்டி, அடக்குகிற ஊசி போட்டு, பனிக்கட்டிப் பைகளை அடுக்கி, இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் வெளியே வந்தபோது தலைமுடி வியர்வையில் நெற்றியில் ஒட்டியிருந்தது.

“என்ன சாப்பிட்டார்?”

“நீல நாரை” என்றாள் ஒத்திலியா.

“அந்தப் பேரு எனக்கும் தெரியும்மா, வாரத்துல நாலு பேரு அதைச் சாப்பிட்டுட்டு வர்றாங்க. உள்ள என்ன இருந்துதுங்கிறதுதான் கேள்வி. போன மாசத்துது வேற, இந்த மாசத்துது வேற மாதிரி இருக்கு. இதுக்குன்னு ஒரு முறிமருந்து கிடையாது. சூட்டைக் குறைக்கிறோம், ஆளை அடக்கி வைக்கிறோம், இதயம் தாங்கணும்னு காத்திருக்கோம். தசையெல்லாம் சிதைஞ்சு சிறுநீரகத்துல போய் அடைக்குது. எங்க வாங்கினாருன்னு தெரிஞ்சா, வித்தவனையாவது கேக்கலாம்.”

எட்முண்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேளுங்க டாக்டர்” என்றாள் ஒத்திலியா. “இதோ நிக்கிறாரு.”

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். “உள்ளே என்ன இருந்தது, ஐயா?”

“அது வந்து... அது உட்கொள்றதுக்கான பொருள் இல்லை. அதுல தெளிவா எழுதியே...”

“உள்ளே என்ன?”

“எனக்குத் தெரியாது.”

“மாத்தினாங்களா?”

நடைபாதையில் ஒரு காவலர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எட்முண்ட் அவரைப் பார்த்தார். மருத்துவரைப் பார்த்தார். தரகனின் தொலைபேசி எண் அவர் சட்டைப் பையில் இருந்த கைபேசியில்தான் இருந்தது. ஆமாம், மாத்தினாங்க, காரம் ஜாஸ்தின்னு சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்சுதான் வித்தேன், இந்த எண்ணுக்குப் போட்டுக் கேளுங்க. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே பெற்ற பிள்ளை கட்டிலை உலுக்கிக்கொண்டு அலறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் முதல்ல ஒரு வக்கீலைக் கலந்துக்கிறது நல்லது” என்றார் எட்முண்ட் ரோகாலா.

 ஒத்திலியா அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள், கைபேசியை எடுத்தாள், மருத்துவர் கையில் வைத்தாள். எட்முண்ட் தடுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. சவாதா தரகனை அழைத்துப் பேசினார். அவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பையில் வந்தது, பிரித்துப் போட்டோம் என்றான். காரம் ஜாஸ்தி என்பது மட்டும் உறுதி என்றான். தெரிந்து தின்றவன் ஒருவனும் இல்லை, தெரிந்து விற்றவன் ஒருவனும் இல்லை.

கோர்னெல் பிழைத்தான். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, மெல்ல மெல்ல அவை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தன. டிராம் ஓட்டும் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். புத்தி தெளிந்தும் தெளியாமலும் இருந்தான். அக்டோபர் முதல் வாரக் கடைசியில் நாடு முழுக்க இந்த மாதிரிக் கடைகளை எல்லாம் ஒரே வீச்சில் பூட்டினார்கள். எட்முண்டின் கதவிலும் காகிதத்தை ஒட்டி முத்திரை வைத்தார்கள். முத்திரை வைக்க வந்தவர்களிடம், “நான் சங்கத் தலைவர், என்னைப் பார்த்து...” என்று அவர் ஆரம்பித்தார். அவர்கள் பசையைத் தடவிக்கொண்டே, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்கள்.

மீதிச் சரக்கு எங்கே என்று ஒத்திலியா கேட்டாள். எல்லாவற்றையும் ஆற்றில் போட்டாயிற்று என்றார். அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. வேறு வேலை இருந்ததால் விட்டுவிட்டாள்.

மகனைப் பார்க்க அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போவார், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆப்பிள் பையோடு. போய் உட்கார்ந்து வானிலை பற்றிப் பேசுவார். கோர்னெல் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் திறந்துகொண்டிருந்தான். முகம் தெளிவாக இருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தான்.

“வாங்கப்பா. பக்கத்துல உக்காருங்க.”

 மகன் மன்னித்துவிட்டான் என்று நினைத்தார் எட்முண்ட். நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். கோர்னெல் அவர் கையைப் பிடித்தான். கை எலும்பாக இருந்தது.

“கடையைப் பூட்டிட்டாங்களாமே?”

“ஆமாண்டா. நியாயமே இல்லை.”

“நிலவறையில ஒரு பெட்டி வச்சிருப்பீங்களே. கரி மூட்டைக்குப் பின்னாடி.”

எட்முண்ட் மடியிலிருந்த ஆப்பிள் பையைத் தரையில் வைத்தார்.

“எனக்குத் தெரியும்ப்பா. நீங்க எதையும் தூக்கிப் போடமாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கொண்டுவாங்க. செவெரினைக் கேக்கல, வேற ஆளை அனுப்பல. மறைக்காம, நேரா உங்ககிட்டயே கேக்கிறேன். தலைக்குள்ள ஒண்ணுமே இல்லப்பா. பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணு.”

“அது... இல்லடா. பெட்டியெல்லாம் இல்ல.”

“நிலவறைச் சாவியைக் குடு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வாசலில் சுத்தமான உள்ளாடைகளைச் சுமந்துகொண்டு ஒத்திலியா நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. எட்முண்ட் மறு கையால் சாவிக்கொத்தையே எடுத்து நீட்டினார்.  அவள் வாங்கிக்கொண்டு, துணிகளைக் கட்டில் கால்மாட்டில் வைத்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் கீழே கீழே இறங்கிப் போவதை அப்பாவும் மகனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோர்னெலின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனால் அப்பாவின் கையை அவன் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“இல்லன்னு சொல்ல உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாதுப்பா. வந்து நின்னவனுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தீங்களே. ஊரான் பெத்த பிள்ளை ஒருத்தனுக்காவது இல்லன்னு சொல்லியிருக்கீங்களா? சொந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேக்கிறேன். எனக்கு மட்டும் இல்லையா?”

எட்முண்ட் ரோகாலா வழக்கம்போல யாராவது தலையாட்டுவார்களா என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.   பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆள், இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.